பொட்டலம் கட்டினால் பொறுப்பும் வரும்!

ஜெர்மன் மேலுறைச் சட்டம் ரொட்டிக் கடைக்காரருக்கு ஒரு பட்டம் கொடுத்தது. "உற்பத்தியாளர்" என்பது அந்தப் பட்டம். மாவு பிசைந்து ரொட்டி சுடுகிறாரே, அதனால் வந்த பெயர் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். சுட்ட ரொட்டியை ஒரு காகிதப் பையில் போட்டு வாடிக்கைக்காரர் கையில் கொடுக்கிறார் அல்லவா? அந்தக் காகிதப் பைக்காகத்தான் இந்தக் கௌரவம்! பையைச் செய்தது எங்கோ ஒரு தொழிற்சாலை. அதை வாங்கி விற்றவர் ஒரு மொத்த வியாபாரி. அதுவரை அது வெறும் பை. ரொட்டி உள்ளே விழுந்த நிமிஷத்தில் அது "மேலுறை" ஆகிறது; போட்டவர் அதை நாட்டில் புழக்கத்துக்கு விட்டவர் ஆகிறார். இன்று புழக்கத்துக்கு வந்தது நாளைக் காலையில் குப்பைத் தொட்டிக்குப் போகும். அதைச் சேகரித்து, ரகம் பிரித்து, மறுபடியும் ஒரு பண்டமாக மாற்றுவதற்கு ஆகும் செலவில் அவரும் பங்கு கொடுத்தாக வேண்டும்.

இறைச்சிக் கடை, பூக்கடை, காப்பிக் கடை, பொரித்த உருளைக்கிழங்கை அட்டைத் தட்டில் வைத்து விற்கும் தெருவோரக் கடை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். "நான் சின்ன வியாபாரி, வருஷத்துக்கு நாலாயிரம் பைதான் செலவாகும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. முதல் பையிலேயே சட்டம் பிடித்துக்கொள்ளும்.

இது என்ன அநியாயம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு மேலுறை குப்பையாவதற்கு நாலு பேர் காரணம். அதைச் செய்தவர் ஒருவர். அதில் சாமானை அடைத்தவர் ஒருவர். கடையில் வைத்து விற்றவர் ஒருவர். வாங்கிப் பிரித்து வீசி எறிந்தவர் ஒருவர். இந்த நாலு பேரில் யார் தலையில் செலவைக் கட்டுவது? முன்பெல்லாம் இந்த நாலு பேரில் ஒருவரும் கொடுக்கவில்லை. ஐந்தாவதாக நகரசபை கொடுத்தது. அதாவது, மேலுறையே வாங்காதவர்கள் உட்பட வரி செலுத்துகிற எல்லோரும் கொடுத்தார்கள். ஜெர்மனி முப்பது வருஷங்களுக்கு மேலாக இந்த நாலு பேரையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்திருக்கிறது. கடைக்காரரைப் பிடித்தபோது என்ன நடந்தது என்பது, கடை வீதி உள்ள எந்த ஊருக்கும் தெரிய வேண்டிய கதை.

பற்பசைக்கு எதற்குப் பெட்டி?

1991-ம் வருஷம் ஜூன் மாதம் ஜெர்மன் சர்க்கார் மேலுறை உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. கிளாவுஸ் டோப்ஃபர் அப்போது சுற்றுச்சூழல் மந்திரி. குப்பை கொட்டும் மைதானங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. புதிய மைதானத்துக்கு எந்த ஊர்க்காரரும் இடம் கொடுக்கத் தயாராக இல்லை. வீட்டுக் குப்பையில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டவை டப்பாவும் அட்டையும் புட்டியும்தான்.

டோப்ஃபர் போட்ட உத்தரவு படிப்படியாக அமுலுக்கு வந்தது. முதலில், சரக்கு ஏற்றி வரும் பெரிய பெட்டிகளையும் மரத் தட்டுகளையும் அனுப்பியவரே திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். அடுத்தது வேடிக்கையானது. 1992 ஏப்ரல் முதல், சாமானின் மேல் அனாவசியமாகச் சுற்றியிருக்கும் இரண்டாவது உறையை வாடிக்கைக்காரர் கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகலாம். கடைக்காரர் அதற்குத் தொட்டி வைக்க வேண்டும்! பற்பசைக் குழாயை எடுத்துக்கொண்டு அட்டைப் பெட்டியைக் கடையில் விட்டுவிட்டுப் போனார்கள் ஜனங்கள். தொட்டி நிறைய நிறையக் கடைக்காரருக்குக் கோபம் வந்தது. அவர் அந்தக் கோபத்தை வாடிக்கைக்காரரிடம் காட்ட முடியுமா? சரக்கு அனுப்பிய கம்பெனியிடம் காட்டினார். குழாய்க்கு எதற்குப் பெட்டி என்று கேட்டார். பெட்டியில்லாத பற்பசை சந்தைக்கு வந்தது.

கடைக்காரரின் தொல்லை கம்பெனியின் காதுக்கு எட்டுகிறது என்பதை அந்த ஒரு ஷரத்து நிரூபித்துவிட்டது. அப்போது போட்ட விதிகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் எனலாம்.

மூன்றாவது படி 1993 ஜனவரியில் வருவதாக இருந்தது. தயிர் டப்பா முதல் சவுக்காரத் தாள் வரை, காலியான எந்த மேலுறையையும் கடைக்காரர் திரும்பப் பெற்றாக வேண்டும் என்பது அது. நினைத்துப் பார்த்தாலே வியாபாரிகளுக்கு நடுக்கம் கண்டது. கடையின் பாதி இடம் குப்பைக் கிடங்காகிவிடுமே! ஆனால் உத்தரவிலேயே ஒரு கதவும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. தொழில்துறையினரே செலவு செய்து, வீட்டு வாசலிலேயே மேலுறைகளைச் சேகரிக்கும் தனி ஏற்பாடு ஒன்றை நடத்தினால் கடைக்காரருக்கு விலக்கு உண்டு. உத்தரவு வருமுன்பே, 1990-ல், அதற்கென ஒரு கம்பெனி தோன்றிவிட்டது. நகரசபையின் குப்பை வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வண்டி ஓடியதால் அதற்கு "இரட்டை ஏற்பாடு" என்று பெயர். கட்டணம் கட்டிய மேலுறையில் பச்சை வட்டத்துக்குள் இரண்டு அம்புகள் சுழலும் முத்திரை. அந்தப் பச்சைப் புள்ளி இன்று நமது கடைகளில் விற்கும் வெளிநாட்டு மிட்டாய் உறைகளிலும் காணப்படுகிறது. "மறுபடி உபயோகிக்கலாம்" என்பதே அதன் அர்த்தம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் அர்த்தம் "பணம் கட்டியாகிவிட்டது" என்பதுதான்.

முத்திரை இல்லாத சரக்கை வாங்கமாட்டோம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கம்பெனிகள் ஓடி வந்து முத்திரை வாங்கின. ஆனால் முத்திரையை அச்சடிப்பதில் இருந்த சுறுசுறுப்பு பணம் கட்டுவதில் இல்லை. 1993-ல் மஞ்சள் பைகளில் குவிந்த மேலுறை ஒருபுறம் மலைபோல் வளர, வந்து சேர்ந்த கட்டணம் மறுபுறம் மடுவாக இருந்தது. இரட்டை ஏற்பாடு திவாலாகும் நிலைக்கு வந்து, கடன் ஏற்பாடுகளினால் பிழைத்தது. அதன் பிறகுதான் எடைக்கும் பொருளின் வகைக்கும் தக்கபடி கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள்.

ஓஸ்னாபுருக் பதிவேடு

கட்டணம் கட்டாமலே ஏற்பாட்டில் சவாரி செய்கிறவர்களின் உபத்திரவம் அதோடு தீரவில்லை. ஒரே கம்பெனியின் ஏகபோகம் போய், போட்டிக் கம்பெனிகள் பல வந்த பிறகு, யார் எவ்வளவு கட்டினார்கள் என்று கணக்குப் பார்ப்பதே கஷ்டமாகிவிட்டது. 2019 ஜனவரி 1-ந் தேதி பழைய உத்தரவு போய் மேலுறைச் சட்டம் வந்தது. ஓஸ்னாபுருக் என்ற ஊரில் மத்தியப் பதிவு நிலையம் ஒன்று ஏற்பட்டது. "லூசிட்" என்பது அதன் பதிவேட்டின் பெயர். இணையத்தில் திறந்து கிடக்கும் இந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிறாரோ இல்லையோ, எதிர்க்கடைக்காரர் பார்த்துவிடுவார்!

பதிந்துகொள்ளாவிட்டால் ஒரு லட்சம் யூரோ வரை அபராதம். பதிந்தும் கட்டண ஏற்பாட்டில் சேராவிட்டால் இரண்டு லட்சம் யூரோ வரை. அபராதத்தைவிடக் கடுமையானது இன்னொன்று: பதியாத மேலுறையில் உள்ள சரக்கை விற்கவே கூடாது. இந்தத் தடை சரக்கை அடைத்தவரோடு நிற்பதில்லை. அதை வாங்கி அலமாரியில் வைத்து விற்கும் கடைக்காரரையும் கட்டுப்படுத்தும். பிறர் அடைத்த சரக்குக்குக் கடைக்காரர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அடைத்தவர் பதிந்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரக்கு வெளிநாட்டிலிருந்து வந்தால்? அப்போது அதை இறக்குமதி செய்தவரே உற்பத்தியாளர். ஜெர்மனியின் பல ஊர்களில் இலங்கைத் தமிழர்கள் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்கு 2002-ல் கோபுரத்தோடு கோயில் எழுந்திருப்பதிலிருந்தே அங்கே குடியேறியவர்களின் தொகையை ஊகிக்கலாம். இப்படிப்பட்ட ஒரு கடைக்காரர் அரிசிமாவையும் அப்பளத்தையும் உள்ளூர் மொத்த வியாபாரியிடம் வாங்கினால் அவருக்குக் கவலையில்லை. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ தாமே நேராக வரவழைத்தால், அந்த அப்பளக் கட்டின் பிளாஸ்டிக் உறைக்கு அவரே பொறுப்பு. உறையை எடை போட்டு, வகை பிரித்து, வருஷக் கணக்கு எழுதி, ஏதாவதொரு இரட்டை ஏற்பாட்டோடு ஒப்பந்தமும் செய்துகொள்ள வேண்டும்.

கொடுத்த பைக்கு ஒரு தனி வழி

ரொட்டிக் கடைக்காரரையும் இப்படி எடை போட்டுக் கணக்கு எழுதச் சொன்னால் அவர் ரொட்டி சுடுவது எப்போது? சட்டம் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. விற்கும் இடத்திலேயே சாமானைப் போட்டுக் கொடுக்கும் பை, கோப்பை, தட்டு, இறைச்சி சுற்றும் தாள் ஆகியவற்றுக்கு "பரிமாறும் மேலுறை" என்று தனிப் பெயர் வைத்து, அவற்றுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தார்கள். கடைக்காரர் பை வாங்கும்போதே, "இதற்குக் கட்டணம் கட்டியாகிவிட்டதா?" என்று மொத்த வியாபாரியைக் கேட்கலாம். கட்டிய பையையே கொடு என்று வற்புறுத்த அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பட்டியலில் அந்த விவரம் எழுதி வாங்கிவிட்டால் தீர்ந்தது. ஒரு காகிதப் பைக்கு அந்தக் கட்டணம் ஒரு சென்ட்டில் சிறு பின்னம்தான். பையின் விலையோடு விலையாக அது கரைந்துவிடும்.

இந்தச் சலுகை எவ்வளவு குறுகியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கடை மேஜையில் நின்று வாங்குகிறவருக்கு ஒரு கேக்கை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அது பரிமாறும் மேலுறை. அதே கேக்கை அதே கடைக்காரர் தபாலில் அனுப்பினால் வெளிப்பெட்டி பரிமாறும் மேலுறை ஆகாது. அதற்கு அவர் தாமே ஒப்பந்தம் செய்து பணம் கட்ட வேண்டும். ஒரே கடை, ஒரே கேக். பெட்டிக்கு மட்டும் இரண்டு ஜாதகம்!

2022 ஜூலை 1-ந் தேதி முதல் இன்னொரு சுமை சேர்ந்தது. கட்டணம் கட்டிய பைகளையே உபயோகிக்கிறவர்களும் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும் என்றது திருத்தச் சட்டம். பதிவுக்குக் காசில்லை, எடைக் கணக்கும் வேண்டாம், கட்டணம் கட்டிய பரிமாறும் மேலுறைதான் என்று ஒரு குறி போட்டால் போதும். ஆயினும் நாடெங்கும் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டியதாயிற்று. இதனால் குப்பைக்கு ஒரு சென்ட் அதிகமாக வசூலானதா என்றால், இல்லை. பணம் ஏற்கெனவே மேலே கட்டப்பட்டாகிவிட்டது. "எனக்குச் சட்டம் தெரியாது" என்று சொல்லும் வாயை அடைத்ததுதான் கண்ட பலன். பதிவேட்டை நடத்துகிறவர்களுக்கு அது பெரிய பலனாகத் தோன்றலாம். தெருக்கோடியில் தள்ளுவண்டியில் உருளைக்கிழங்கு பொரிப்பவருக்கு அப்படித் தோன்றாததில் ஆச்சரியம் இல்லை.

கால் யூரோ செய்த வேலை

கடைக்காரரிடமிருந்து நிஜமாகவே வேலை வாங்கிய விதி வேறொன்று. ஒருமுறை உபயோகித்து எறியும் பான டப்பாக்களுக்கும் புட்டிகளுக்கும் 2003 ஜனவரி முதல் முன்பணம் வாங்க வேண்டும் என்று ஏற்பட்டது. யூர்கன் டிரிட்டின் சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த காலம் அது. காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் திரும்பி வரும். இந்த விதியின் வித்து 1991 உத்தரவிலேயே இருந்தது: கழுவி மறுபடி நிரப்பும் புட்டிகளின் பங்கு நூற்றுக்கு 72-க்குக் கீழே இறங்கினால் முன்பணம் வரும் என்று அப்போதே எச்சரித்திருந்தார்கள். இறங்கியது, வந்தது.

ஆரம்பத்தில் பெரும் குழப்பம். சில பெரிய கடைத் தொடர்கள் விசேஷ வடிவத்தில் புட்டி செய்து, தங்கள் புட்டியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டன. ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடை தொடாது. 2006 மே மாதம் இந்தத் தந்திரத்துக்கு முடிவு கட்டினார்கள். பிளாஸ்டிக் புட்டி விற்கிற கடை, எவர் விற்ற பிளாஸ்டிக் புட்டியானாலும் திரும்பப் பெற வேண்டும். தகர டப்பா விற்கிற கடைக்கு டப்பா. விற்பனை இடம் 200 சதுர மீட்டருக்குக் குறைந்த சிறு கடைகள் தாங்கள் விற்கும் மார்க்குகளை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். பெரிய கடைகளின் வாசலில் புட்டி விழுங்கும் இயந்திரங்கள் வந்து நின்றன. புட்டியைப் போட்டால் முத்திரையைப் படித்து, நசுக்கி, ரசீது நீட்டும். நூற்றுக்கு 95-க்கு மேல் புட்டிகள் திரும்பி வருகின்றன.

எவருடைய போதனையும் இல்லாமல், பதிவேடும் பார்க்காமல் ஜனங்கள் இதைச் செய்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. காரணம், அந்தக் கால் யூரோ அவர்களுடைய பணம். யாராவது அலட்சியமாக வீசிவிட்டுப் போனாலும் இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். ரயில் நிலையக் குப்பைத் தொட்டிகளில் கைவிட்டுப் புட்டி தேடும் முதியவர்களை அந்த நாட்டு நகரங்களில் காணலாம். பணக்கார தேசத்தில் இப்படியும் ஒரு பிழைப்பா என்று மனம் சங்கடப்படும். தெரு சுத்தமாக இருப்பதும் அவர்களால்தான். திரும்பி வராத புட்டிகளின் முன்பணமோ, பானத்தை நிரப்பிய கம்பெனிகளிடமே தங்கிவிடுகிறது. அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை!

ஒரு விபரீதமும் நடந்தது. கழுவி நிரப்பும் புட்டியைக் காப்பாற்றத்தான் முன்பணம் வந்தது. பீருக்கு அது பலித்தது. தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் பலிக்கவில்லை. இயந்திரம் வைத்த பெரிய மலிவுக் கடைகளுக்கு, கழுவும் புட்டியைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பதைவிட, நசுக்கிவிடும் பிளாஸ்டிக் புட்டி சௌகரியமாயிற்று. கழுவும் புட்டியின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது.

சொந்தப் பாத்திரம் கொண்டு வாருங்கள்

2023 ஜனவரி முதல் உணவுக் கடைகளுக்கு இன்னொரு கடமை விதித்தார்கள். எடுத்துச் செல்லும் உணவை ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் டப்பாவிலோ, பானத்தை எறிந்துவிடும் கோப்பையிலோ கொடுக்கிற கடை, கழுவி உபயோகிக்கும் பாத்திரத்திலும் அதே பண்டத்தைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். விலையும் அதிகமாக இருக்கக்கூடாது. முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். 80 சதுர மீட்டருக்கு மேற்படாத இடமும் ஐந்து பேருக்கு மேற்படாத சிப்பந்திகளும் உள்ள கடைக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. வாடிக்கைக்காரர் சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால் நிரப்பிக் கொடுத்தால் போதும். தூக்குச் சட்டியோடு ஹோட்டலுக்குப் போய் சாம்பார் வாங்கிய நமது தாத்தாக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

விதி நல்லதுதான். ஆனால் கடை கேட்காது, வாடிக்கைக்காரரும் கேட்கமாட்டார். பலகை ஒரு மூலையில் தொங்க, காகிதக் கோப்பைகள் பழையபடி போய்க்கொண்டிருந்தன. எறியும் கோப்பைக்கும் எறியாத கோப்பைக்கும் விலையில் வித்தியாசம் இல்லாதபோது, கழுவித் திருப்பிக் கொடுக்கும் சிரமத்தை யார் தாமாக ஏற்பார்கள்?

டியூபிங்கன் வழக்கு

அந்த வித்தியாசத்தை உண்டாக்கிக் காட்டியது நெக்கார் நதிக்கரையில் உள்ள டியூபிங்கன் என்ற பல்கலைக்கழக ஊர். ஜனத்தொகை லட்சத்துக்கும் குறைவு. மேயர் போரிஸ் பால்மர் காலத்தில், 2022 ஜனவரி 1 முதல், கடையிலிருந்து எடுத்துச் செல்லும் உணவின் எறியும் கோப்பைக்கும் தட்டுக்கும் 50 சென்ட், கரண்டிக்கும் முள்ளுக்கும் 20 சென்ட் என்று நகரசபை வரி போட்டது. வரியைக் கட்ட வேண்டியவர் கடைக்காரர்.

உடனே வழக்கு! பிரபல அமெரிக்கத் துரித உணவுக் கம்பெனி ஒன்றின் பெயரில் அங்கே கடை நடத்தியவர் கோர்ட்டுக்குப் போனார். அவருக்குத் தெம்பு அளித்தது ஒரு பழைய தீர்ப்பு. 1992-ல் காஸல் நகரம் இதேபோல் வரி போட்டு, 1998-ல் கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சட்டக் கோர்ட்டில் தோற்றுப் போயிருந்தது. குப்பை விஷயத்தில் மத்திய சர்க்காரின் சட்டம் ஒரு வழி போகும்போது நகரசபையின் வரி இன்னொரு வழி போகக்கூடாது என்பது அன்றைய தீர்ப்பு. மான்ஹைம் கோர்ட்டு 2022-ல் கடைக்காரர் பக்கம் நின்றது. 2023 மே மாதம் லைப்ஸிக் கோர்ட்டு முக்கியமான அம்சங்களில் நகரசபை பக்கம் திரும்பியது. 2025 ஜனவரியில் வெளியான தீர்ப்பில் கார்ல்ஸ்ரூ கோர்ட்டும் வரி செல்லும் என்று சொல்லிவிட்டது. இடைக்காலத்தில் மத்திய சட்டங்கள் மாறியிருந்தன; காஸலுக்கு இல்லாத இடம் டியூபிங்கனுக்குக் கிடைத்தது.

வரியினால் குப்பை குறைந்ததா? அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சி, தெருத் தொட்டிகளில் எடையில் தெரியக்கூடிய குறைவு ஏற்படவில்லை என்றது. எதிர்ப்பாளர்கள் இதையே கொடியாகப் பிடித்தார்கள். ஆனால் காகிதக் கோப்பைக்கு எடை ஏது? தொட்டி நிரம்பி வழிவது எடையால் அல்ல, பருமனால். கழுவும் பாத்திரம் கொடுக்கும் கடைகள் அந்த ஊரில் பெருகின என்பதும் உண்மை. நகரசபை அதற்கு மானியமும் கொடுத்தது. 2025 ஜனவரியிலிருந்து கான்ஸ்டன்ஸ் நகரமும் இதே வரியைத் தொடங்கியது. பவேரிய மாகாண சர்க்காரோ, தன் ஊர்களில் இந்த வரியே கூடாது என்று கூறிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு மொத்தக் கணக்கு என்ன? 1991-ல் ஜெர்மனியில் குவிந்த மேலுறைக் குப்பை ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் டன். 2021-ல் அது சுமார் 1 கோடியே 97 லட்சம் டன். மறுபடி பண்டமாக்குவதில் அந்த நாடு கெட்டிக்காரத்தனம் காட்டியது உண்மை. வீட்டிலிருந்து சேகரிக்கும் பிளாஸ்டிக் மேலுறையில் நூற்றுக்கு 63-ஐயும் கண்ணாடியில் 90-ஐயும் மறுபடி பண்டமாக்க வேண்டும் என்று 2022 முதல் விதி. குப்பையைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள், குறைக்கக் கற்கவில்லை.

பாரம் மேலே ஏறுகிறது

ஐரோப்பிய யூனியன் 2025-ல் எல்லா அங்கத்தினர் நாடுகளுக்கும் சேர்த்து ஒரே மேலுறை விதியைக் கொண்டுவந்தது. அமுலுக்கு வரும் நாளாக 2026 ஆகஸ்ட் 12 குறிக்கப்பட்டது. அதில் கடைக்காரர்கள் கவனித்த ஷரத்து ஒன்று உண்டு. பரிமாறும் மேலுறையைப் பொறுத்தவரை, நிரப்பியவரைப் பிடிப்பதை விட்டு, வெறும் பையை அந்த நாட்டுச் சந்தைக்கு முதலில் கொண்டு வந்தவரே உற்பத்தியாளர் என்று அது வரையறுத்தது. பை செய்கிறவர்களும் இறக்குமதி செய்கிறவர்களும் சில நூறு பேர். பையில் போட்டுக் கொடுக்கிறவர்கள் லட்சக்கணக்கானோர். எங்கே நின்று வசூலித்தால் சுலபம் என்பதற்குக் கணித மேதை வேண்டியதில்லை. ஆயினும் இங்கே வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

அதே விதி, கடைக்காரரால் மட்டுமே செய்யக்கூடிய வேலைகளை அவரிடமே விட்டது. வாடிக்கைக்காரர் கொண்டுவரும் பாத்திரத்தில் போட்டுக் கொடுப்பதை 2027-க்குள்ளும், கழுவி உபயோகிக்கும் பாத்திரம் வைத்திருப்பதை 2028-க்குள்ளும் உணவுக் கடைகள் ஏற்க வேண்டும். மிகச் சிறிய கடைகளுக்குப் பாத்திரம் வைத்திருக்கும் கடமையிலிருந்து விலக்கு.

நமது கடை வீதியில்

இந்தியாவில் கோடு வேறு விதமாகப் போடப்பட்டது. 2016-ம் வருஷத்துப் பிளாஸ்டிக் கழிவு விதிகளில், பிளாஸ்டிக் பை கொடுக்க விரும்பும் கடைக்காரரும் தெரு வியாபாரியும் உள்ளாட்சியில் பதிந்துகொண்டு, மாதம் 4,000 ரூபாய் வீதம் வருஷத்துக்குக் குறைந்தது 48,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. கூடையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாள் 48,000 ரூபாய்க்கு எங்கே போவாள்? 2018-ல் அந்த ஷரத்தே எடுக்கப்பட்டது. ஜெர்மனியில் பதிவுக்குப் பணமே இல்லை என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எறியும் பிளாஸ்டிக் பை, தட்டு, கோப்பை முதலிய 14 வகைச் சாமான்களுக்குத் தடை வந்தது. தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. "நாங்கள் கொடுக்கும் பைக்கு அபராதம், கம்பெனி அடைத்த பைக்குச் சலாமா?" என்று வியாபாரிகள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. 2020-ல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் வாங்குகிறவரை நோக்கிப் பேசியது.

2022 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் உற்பத்தியாளர் பொறுப்பை விரிவாக வரையறுத்தது. அதில் மார்க்கு உடைய கம்பெனிகளோடு சூப்பர் மார்க்கெட்டுகளும் கடைத் தொடர்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. குறு, சிறு நிறுவனங்கள் விடப்பட்டன. ஆக, மூலைக் கடை அண்ணாச்சிக்கு எடைக் கணக்கும் இல்லை, சான்றிதழும் இல்லை. அளவில் ஜெர்மன் ரொட்டிக் கடைக்காரருக்கு இணையானவர், அவர் பட்ட பாட்டிலிருந்து தப்பித்துக்கொண்டார். இது நல்ல காரியமே.

ஆனால் அந்த அண்ணாச்சி கடை வாசலில் தோரணம் போல் தொங்குபவை எவை? ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பு உறைகள், பாக்குப் பொட்டலங்கள், வறுவல் பைகள். பல அடுக்குப் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அந்த உறைகளைப் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கமாட்டார்கள். அதனால் குப்பை பொறுக்குகிறவரும் குனிந்து எடுப்பதில்லை. புதிய விதிப்படி கம்பெனி, தான் விற்ற எடைக்குச் சமமாக எந்த ஊரிலாவது அதே வகைப் பிளாஸ்டிக் மறுபடி பண்டமானதற்கோ வேறு வகையில் தீர்க்கப்பட்டதற்கோ சான்றிதழ் வாங்கிக் காட்டினால் கணக்கு நேராகிவிடும். கடை வாசலில் கிழித்துப் போட்ட உறை சாக்கடையில் கிடக்கும். மழைக்கு முன்பு அதைத் தூர்வார வருகிறவர் நகரசபைத் தொழிலாளி. அவர் சம்பளம் ஊரார் வரியிலிருந்துதான் போகிறது.